தாய்மாமன் மடிக்கு ஒரு பேக்கப்

எங்க தொழிலு எப்பிடின்னா, ஒழுங்கா வேலை பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநா சறுக்குனா கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிஞ்சுரும். நான் பேக்கப் எடுக்கற ஆளு. கடைக்காரவுக, ஆபீஸ்காரவுக, ஸ்டுடியோக்காரவுக எல்லாரும் இப்ப ஃபைல கிளவுடுல போட்டு வச்சிட்டு நிம்மதியாத் தூங்குறாக. அதுல இருந்து தெனமும் சாயங்காலம் இன்னொரு நகல் எடுத்து வேற இடத்துல வைக்கிறதும், தொலைச்சுப்புட்டு வந்து நின்னா திருப்பிக் குடுக்கறதும் என் பொழப்பு. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி ரூமு. படி கொஞ்சம் செங்குத்து. ஃபைல் தொலைஞ்சவுகளுக்கு மட்டும் அந்தப் படி தெரியவே தெரியாது, பறந்துதான் வருவாக.

நீங்களும் ஒருநாளாச்சும் டெலீட்ட அமுக்கிப்புட்டு, அமுக்குன விரலையே மொறைச்சுப் பாத்தவுகதான? அப்ப நாம சொந்தக்காரவுக. உக்காருங்க, சொல்றேன்.

மேல இருக்குல்ல

சேகரு எங்க ஊர்ல ஸ்டுடியோ வச்சிருக்கான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுன்னாலும் அவன் கேமராதான். எடுத்த படத்தைக் கிளவுடுல ஏத்தி, அந்த ஃபோல்டர் லிங்க்க விசேஷ வீட்டுக்காரவுக வாட்ஸப் குரூப்புல போட்டுருவான். அவுக அவுக போன்லயே பாத்துக்க வேண்டியதுதான்.

ஒருநா போனு நெறஞ்சு போச்சுன்னு உக்காந்து, இருந்த படத்தையெல்லாம் அழிச்சான். "அதான் கிளவுடுல இருக்கே"ன்னு தைரியம். போன்ல அழிச்சா கிளவுடுலயும் அழியும்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே நுகத்தடியில பூட்டுன மாடு; ஒண்ணு வாய்க்கால்ல எறங்குனா மத்ததும் எறங்கும். யாரு வீட்டு நிச்சயதார்த்தமோ மொத்தமாக் காணாமப் போச்சு. பறந்து வந்தான். குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கும்ல, அதுல கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். "தம்பி, கிளவுடுங்கறது வேற, பேக்கப்புங்கறது வேற. குப்பைத்தொட்டிய ஒரு மாசத்துல அவுகளே கொட்டிருவாக. எங்கிட்ட தனியா ஒரு நகல் ஓடட்டும்"னேன். சரின்னு தலைய ஆட்டிப்புட்டு, படியில எறங்கும்போது திரும்பிப் பாத்துச் சொன்னான்:

"அண்ணே, மழைக்குப் பயந்தவன் குடை பிடிப்பான். குடைக்கு மேல குடை பிடிக்கச் சொல்ற ஆளு நீங்க ஒருத்தருதாண்ணே."

குமாஸ்தா சாரு

ஒரு வக்கீல் ஆபீசு. அங்கன குமாஸ்தா சாரு ஒருத்தரு, கோர்ட்ல பேரு கூப்புடுற மாதிரியேதான் டீ கேப்பாரு. "ஒரு நகல நம்பாதீக சார், ரெண்டு மூணு வைங்க"ன்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன். சொல்லியிருக்கப்படாது.

அடுத்த தடவை போறேன், கிளவுடுல எள்ளு போட எடமில்ல. புது கேஸுக் கட்டு ஒண்ணும் ஏற மாட்டேங்குது. என்னடான்னு பாத்தா, சாரு எல்லா ஃபைலையும் பிரிண்ட் எடுத்திருக்காரு. அந்தப் பிரிண்ட்ட போன்ல படம் பிடிச்சிருக்காரு. அந்தப் படத்த அதே ஃபோல்டர்ல ஏத்தியிருக்காரு. அதையும் விடாம திருப்பி பிரிண்ட் எடுக்க ஆரம்பிச்சிருக்காரு. ஒரு பட்டா பேப்பர்ல அவரு கட்டை விரலு பட்டாதாரர் பேர விடப் பெருசா விழுந்திருக்கு. "என்ன சார் இது?"ன்னேன். கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கினாரு:

"மூலம், நகல், நகலுக்கு நகல். நாளைக்கு ஜட்ஜய்யா எது ஒரிஜினல்னு கேட்டா, ஒம்மைத்தான் கூண்டுல ஏத்துவேன், வெளியூரு போயிராதீரு."

மடி இருக்கட்டும்

இனிமே சொல்லப்போறதுதான் என்னை வசமா மாட்டிவிட்ட கதை.

கோம்பையில தங்கராசுன்னு ஒருத்தரு. திராட்சைத் தோட்டம். மூத்த பொண்ணுக்குக் காதுகுத்து, கொலசாமி கோயில்ல கெடா வெட்டு. படம் எடுத்தது நம்ம சேகரு. தாய்மாமன் செல்லத்துரை, தங்கராசு பொண்டாட்டி தனலட்சுமிக்குக் கூடப்பொறந்த அண்ணன், லோயர் கேம்ப்புல இருந்து சீரோட வந்து, புள்ளைய மடியில வச்சு, ஆசாரி காது குத்தி, எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. பந்தியில வந்துச்சு வெனை. செல்லத்துரை இலையில ஈரல் வறுவல் விழுகல. கெடா வெட்டுன எடத்துல தாய்மாமன் இலையில ஈரல் இல்லேன்னா மரியாதையே போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும். "மச்சானுக்குன்னு ஒரு சட்டி தனியா அனுப்பிச்சேன்"னு தங்கராசு. "எந்தச் சட்டி, எங்கிட்டு வந்துச்சு?"ன்னு செல்லத்துரை. பேச்சு வளந்து, செல்லத்துரை இலைய மடிக்காம எந்திரிச்சு வண்டியேறிட்டாக. அதோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு.

பத்துப் பதினஞ்சு நா கழிச்சு தங்கராசு ஸ்டுடியோவுக்கு வந்தாக. நான் அங்கன சேகரு கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு இருக்கேன். ஏத்தத்துல ஏறுற டிராக்டர் மாதிரிக் குரலு. "எம்மச்சான் மூஞ்சி இருக்கற படம் ஒண்ணு இருக்கப்படாது. கம்ப்யூட்டர்ல, கிளவுடுல, எங்கயும்!" சேகரு பாவமாப் பாத்தான். "அண்ணே, புள்ளை அவுக மடியிலதான உக்காந்திருக்கு. அவுகள எடுத்தா புள்ளை அந்தரத்துல தொங்குமே?" தங்கராசு ஸ்கிரீன்ல தெரிஞ்ச மடிய விரலால தட்டுனாக. "ஆளை வெட்டிரு. மடி இருக்கட்டும்." அப்பிடித்தான் ஆல்பம் அடிச்சான். கரை வேட்டி கட்டுன ஒரு மடி, அதுல அழுகுற புள்ளை, மேல ஆகாசம். மத்ததையெல்லாம் கிளவுடுல அழிச்சு, குப்பைத்தொட்டியையும் கொட்டிட்டான். தங்கராசு ஆல்பத்தக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாக:

"புள்ளை பெருசாகிக் கேட்டா, நாக்காலின்னு சொல்லிக்கிறேன்."

தலை ஒட்டுன கதை

மூணு வருசம் போச்சு. இப்ப சின்னவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிக் குத்துறது? தனலட்சுமி புருசன்ட்ட ஒரு மாசம் பேசி, அண்ணன்ட்ட ஒரு மாசம் அழுது, ரெண்டு பேரையும் எறக்கிக் கொண்டாந்துட்டாக. செல்லத்துரை ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்காக: மூத்தவள மடியில வச்சிருக்கற அந்தப் பழைய படம் பேனர்ல வரணும். வந்தா அவுகளும் வருவாக. இல்லேன்னா சின்னவனுக்கு வேற மடி பாத்துக்க வேண்டியதுதான். பழைய படத்த அழிச்ச சங்கதி அவுகளுக்குத் தெரியாது. அந்த லிங்க்கத்தான் அவுக கோவத்துல தொறந்தே பாக்கலையே.

சேகரு என்னையக் கூப்பிட்டு விட்டான். போனா, தனலட்சுமி ஆல்பத்த மஞ்சப் பையில வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. "உங்க போன்ல ஒரு படம் கூட இல்லியாம்மா?" "லிங்க்குதாண்ணே இருக்கு. தொறந்தா வெறுங்கூடு. எங்கண்ணன் இத்தன வருசங் கழிச்சு எங்க வாசல மிதிக்கப்போறாக. அழிச்சது தெரிஞ்சா செத்தாலும் வர மாட்டாக. உங்ககிட்ட ஒரு நகல் இருக்கும்னு சேகரு சொல்லுச்சு." சொல்லிக்கிட்டே அழுகை வருது, அழுகைக்கு நடுவுல சிரிப்பும் வருது. ஏன்னு பாத்தா, நான் வர்றதுக்குள்ள சேகரு ஒரு வைத்தியம் பண்ணியிருக்கான். அந்த மொட்டை மடிக்கு மேல, வேற ஏதோ கல்யாணப் படத்துல இருந்து செல்லத்துரை தலைய எடுத்து ஒட்டியிருக்கான். தலை ஒரு பக்கம் பாக்குது, ஒடம்பு ஒரு பக்கம் பாக்குது. தனலட்சுமி அதை எங்கிட்ட நீட்டுனாக:

"பாருங்கண்ணே, எங்கண்ணன் கழுத்து சுளுக்கிக்கிட்டு நிக்கிறாக. இத பேனர்ல போட்டா சமாதானம் வராது, போலீசுதான் வரும்."

எந்தத் தேதி நகல்

எங்கிட்ட இருந்துச்சு. லேப்டாப்பத் தொறந்து, காதுகுத்து நடந்த நாளத் தேடி எடுத்தேன். அன்னைக்கு கோயில்ல இருந்தே சேகரு எல்லாத்தையும் ஏத்தியிருக்கான், சாயங்காலம் என் நகல் ஓடியிருக்கு. என் நெஞ்சு அப்பிடியே ரெண்டு இஞ்சு முன்னால வந்துச்சு. அப்பப் பாத்து சேகரு, "அண்ணே, அன்னைக்கு வேணாம், அடுத்த நாள் நகல எடுங்க"ங்கறான். "ஏண்டா?" "இல்லண்ணே, அடுத்த நாளுன்னா கொஞ்சம் நல்லா இருக்கும்." "ஏலே, இது என்ன பழைய சோறா, அடுத்த நாளு நல்லாருக்க? யாரும் கைய வைக்கிறதுக்கு முந்தி எடுத்த நகல்தாண்டா சுத்தம். தொழில் எனக்குச் சொல்லித் தாறியா?"ன்னேன்.

மிசினு ஒரு கேள்வி கேக்கும்: திருப்பிக் குடுக்கறத பழைய எடத்துலயே வைக்கவா, புது எடத்துல வைக்கவா? புது எடம்னு அமுக்கணும். புதுசா வேலைக்கு வர்றவுகளுக்கு நான் சொல்லிக் குடுக்கற மொதப் பாடமே அதுதான். ஒரு பொம்பளப்புள்ள கண்ணீரோட பாத்துக்கிட்டிருக்க, பெருமையில பழைய எடத்த அமுக்கிப்புட்டேன். பழைய எடம்னா எது? தங்கராசு வம்சம் மொத்தத்துக்கும் லிங்க் போன அதே ஃபோல்டர். ஒவ்வொரு படமா வந்து எறங்க எறங்க, கோம்பையில இருந்து லோயர் கேம்ப் வரைக்கும் போனு போனா "டிங்"குது, புதுப் படம் சேந்திருக்குன்னு. தனலட்சுமி கையில இருந்த போனும் அடிச்சுச்சு. தொறந்தாக. செல்லத்துரை, மடியில மூத்தவ. புள்ளை அலறுது, மாமன் முப்பத்திரெண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாக. தனலட்சுமி அந்தப் படத்த விரலால தொட்டுப் பாத்தாக, நெசந்தானான்னு. நான் சேகரப் பாத்தேன். அவன் செருப்ப மாட்டிக்கிட்டிருக்கான்:

"அண்ணே, நான் போயி டீ வாங்கிட்டு வாறேன். லேட்டானாத் தேடாதீக."

மொத பந்தி

அடுத்தாப்புல வந்து எறங்குனது ஒரு வீடியோ. கேமராவ ஸ்டாண்டுல மாட்டி, நிறுத்த மறந்துட்டுப் போயிருக்கான். ஓடிக்கிட்டே இருக்கு. எதுக்க மொத பந்தி, இன்னும் ஆள் உக்காரல. ஒரே ஒரு இலையில மட்டும் ஒரு ஆளு. நம்ம சேகரு. பரிமாறுற ஆளு ஒரு சட்டிய ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு வாறாரு. "தாய்மாமன் எங்கப்பா? தங்கராசு அவருக்குன்னு தனியாக் குடுத்து விட்டாக." சேகரு வாய் நெறையச் சோறோட, "இங்கன வைங்க, வந்தவொடனே நான் குடுத்துர்றேன்." வச்சுட்டுப் போறாரு. சேகரு இடது பக்கம் பாக்குறான். வலது பக்கம் பாக்குறான். ஒரு துண்டு எடுக்குறான். சும்மா ருசிக்கு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் சட்டிய இலை மேல கவுத்துட்டான். அவன் ஏப்பம் விடுற நேரத்துக்கு ஆளுக வந்து உக்காந்துட்டாக, பின்னாடி எங்கயோ செல்லத்துரை குரலு கேக்குது: "எங்க மாப்ள ஈரலு?" சேகரு இலைய நாலா மடிச்சு, கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு, எந்திரிச்சு வந்து கேமராவ நிறுத்துறான். அடுத்த நாளு, லிங்க்கக் குரூப்புல போடுறதுக்கு முந்தி, அவனே உக்காந்து பாத்திருக்கான், அழிச்சிருக்கான். அதுக்குள்ள என் நகல் முந்திக்கிருச்சு.

 வம்சம் முழுக்க இதப் பாத்துக்கிட்டிருக்கு. மூணு வருசச் சண்டைய தட்டி எழுப்பி விட்டாச்சு, பாவம் இந்தப் பொம்பள ரெண்டு மாசம் பட்ட பாடு தண்ணியில போச்சுன்னு நெனைக்கிறேன். செத்த நேரத்துல தனலட்சுமி போன் அடிக்குது. அண்ணன். ஸ்பீக்கர்ல போட்டாக.   "அண்ணே..."ன்னாக தனலட்சுமி. "இப்பத்தான் மாப்ள போன் போட்டாரு"ன்னாக செல்லத்துரை. தனலட்சுமி என்னையப் பாக்குறாக. தங்கராசு தானா அண்ணனுக்குப் போன் போட்டு மூணு வருசம் ஆச்சு. "ரெண்டு பேரும் பேசுனோம். சட்டி வந்தது வாஸ்தவந்தான்னு ஒத்துக்கிட்டேன். அந்தப் போட்டோக்காரன் அங்கன இருக்கானா?" "டீ வாங்கப் போயிருக்காருண்ணே."  அப்புறம் அந்த மனுசன் குரல் ஒடைஞ்சு, சிரிப்பா அழுகையான்னு தெரியாம வந்துச்சு:

"ஆத்தா, நான் வாறேன், புள்ளை என் மடியிலதான். ஆனா பேனர மாத்திரு: நடுவுல அவன் சட்டிய கவுக்குற படம், அந்தப் பக்கம் மாப்ள, இந்தப் பக்கம் நான்."

அதுல இருந்து யாரு வந்து ஃபைலத் திருப்பிக் கேட்டாலும், எந்தத் தேதின்னு கேக்கறதுக்கு முந்தி, அன்னைக்கு நீங்க எந்தப் பந்தியில சாப்பிட்டீகன்னுதான் நான் மொதல்ல கேட்டுக்கிறது.