சாவிக்கு நிற்காத வண்டி

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கை கணவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன; ஓடும் வண்டி ஒன்றுகூட இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து மீன் ஏற்றிய பழைய ஜீப்பின் உடம்பு உப்புத் தண்ணீரில் அரித்துப்போயிருந்தது. எஞ்சின் மட்டும் கல்லுப்போல் இருந்தது. ஜீப்புக்குப் பதிலாக வாங்கிய பிக்கப் வண்டி பார்க்கப் புதிது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டியதில் அதன் எஞ்சின் இறுகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் போனக்காட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி, வாராவாரம் சரக்கு ஏற்றிவரும் வேலையைத் தருவதாகச் சொன்னார். ஆனால் வருகிற சனிக்கிழமை முழுச் சரக்கோடு வண்டி மலையேறிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். தங்கை வீட்டில் வேறு வருமானம் இல்லை.

பழைய எஞ்சினைப் புது வண்டியில் வைத்துவிடலாம் என்றார் கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மலையாளி மேஸ்திரி. அதற்கான ஆர்.டி.ஓ. அனுமதியை வாங்கித் தருவது ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த என் பொறுப்பு. வாங்கிக் கொடுத்த பிறகும் லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். பிக்கப்பிலிருந்து கழற்றிய ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்டர் ஒட்டி, எங்கே சேருவது என்று எழுதினேன். ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வரிசையாக வைத்தேன்.

"அண்ணாச்சி, சத்யக்கு எல விரிச்ச மாதிரி உண்டல்லோ. பாயசம் எப்போ வரும்?" என்றார் மேஸ்திரி, விருந்துப் பந்தியைப் பார்ப்பதுபோல் சிரட்டை வரிசையைப் பார்த்து.

எஞ்சினைச் செயின் போட்டு இறக்கினோம். தாங்கிகள் பொருந்தாததால் வெட்டி, வெல்டிங் வைத்தார் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சிரட்டைகள் எல்லாம் காலி. ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தங்கை மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. சோறு கொண்டுவந்திருந்த தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டு ரசித்துவிட்டு மாப்பிள்ளை சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். அப்போதும் அது பாட்டுக்கு ஓடியது.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிக்கப்பில் முன்பு இருந்த புது எஞ்சின் சாவிக்கு நிற்கும். பழையதை ஒரு கம்பியை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். பிக்கப்பில் அந்தக் கம்பி கிடையாது. அது ஜீப்போடு காயலான் கடைக்குப் போய்விட்டது. பிக்கப்பில் இருந்து கழற்றியதை எல்லாம் நாங்கள் ஒழுங்காகத் திரும்ப மாட்டியிருந்தோம். ஜீப்பில் விட்டு வந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. மேஸ்திரி பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்புகோலை அழுத்தி நிறுத்தினார்.

"ஒவ்வொரு தடவையும் எறங்கி இதத் தெறந்தா நிறுத்தணும்?" என்றாள் தங்கை. "அந்த மலையிலயா?"

சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளை மேஸ்திரி பார்த்தார். நானும் பார்த்தேன். முன் பிரேக்கைப் பிடியோடும் கேபிளோடும் நானே கழற்றிக் கொடுத்தேன். பிடியை ஸ்டியரிங்குக்குக் கீழே முடுக்கி, கேபிளை எஞ்சின் வரை கொண்டுபோனார் மேஸ்திரி. பிடித்தால் எஞ்சின் நின்றது.

"மச்சான், உங்களுக்கு பிரேக் வேண்டாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"பின்னால ஒண்ணு இருக்குல்லா."

சனிக்கிழமை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையும் தங்கையும் நானும் கிளம்பினோம். விதுரை தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மீன் சுமந்து பழகிய எஞ்சின் அவசரப்படாமல், திணறாமல் ஏறியது. தேயிலைச் சரிவில் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள்.

கடை வாசலில் முதலாளி ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. மாப்பிள்ளை சாவியை உருவி அவர் கையில் வைத்தார். முதலாளி சாவியைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். நடுவில் உட்கார்ந்திருந்த தங்கை கையை நீட்டி சைக்கிள் பிரேக்கைப் பிடித்தாள்.

சட்டென்று அமைதி. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடுத்த வாரம் உப்பு ரெண்டு மூட சேத்துக் கொண்டாரும் வே," என்றார். "சைக்கிள் மணி இருந்தா அதையும் மாட்டிட்டு வாரும்."