பத்மாசனி மச்சாளின் கறுப்புத் தீம்

என் அண்ணன் கதிரவேலின் மனைவி பத்மாசனி மச்சாளுக்கு எதையும் ஆறுதலாகச் செய்யத் தெரியாது. சந்தைக்குப் போனாலும் ஓட்டம், நல்ல செய்தி கேட்டாலும் ஓட்டம். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான், திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடைக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"கீர்த்தனி, எனக்கொரு வெப்சைட் வேணும். இண்டைக்கே வேணும்."

கொத்துரொட்டிப் பார்சல் கேட்பது போலக் கேட்டார். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. லண்டனிலிருக்கும் நிலாவெளி நிரோஜினி அக்காவின் மகளுக்குக் கலியாணம். தாலி கட்டு கோயிலில், அடுத்த நாள் நிலாவெளியில் முன்னூறு பேருக்கு மீன், நண்டு, இறால் என்று மச்ச விருந்து. அந்தச் சமையலுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கேட்டரிங்காரரையும் கேட்டிருக்கிறார்கள். நிரோஜினி அக்கா மச்சாளையும் கேட்டு, "உங்கட வெப்சைட் லிங்கை நாளைக்கு அனுப்பிவிடுங்கோ, பார்த்துப்போட்டு முடிவு சொல்லுறன்" என்று தகவல் போட்டிருந்தார்.

மச்சாள் சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். கலியாணம் கட்டிப் பாலையூற்றுக்கு வந்து, வீட்டுக் குசினியில் 'சல்லிக் கறிச்சட்டி' என்று தொடங்கி, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, பாடசாலை ஒன்றுகூடல் என்று ஊருக்குச் சமைத்துப் போடுகிறவர். அண்ணன் தன் ஓட்டோவில் சட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார். நல்லாய்த்தான் போகிறது. ஆனால் எங்கள் சனம் இருக்கிறதே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூடப் போல" என்று ஒரு சொல் சொல்லிக் கை கழுவப் போகிற சனம். ஆறு வருசமாக மச்சாளுக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். தன் கையில் உண்மையாகவே ருசி இருக்கிறதா, அல்லது கிட்டத்தில் வேறு ஆள் இல்லாததால் கூப்பிடுகிறார்களா என்று அவருக்குத் தெரியாது. முன்னூறு பேர் விருந்து கிடைத்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்த ஓட்டம்.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் என் கணினியைச் சுற்றி இருந்து தீம் தேடினோம். முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருக்கும் பக்கங்கள்தான் தீம். எங்கள் படத்தையும் எழுத்தையும் போட்டால் போதும். பச்சை, மஞ்சள், இலை போட்டது, மேசை போட்டது என்று நான் தள்ளிக்கொண்டே போக, மச்சாள் ஒன்றைக் கண்டு கத்தினார்.

"நில், நில்! இது! இதுதான்!"

வெளிநாட்டுப் பெரிய சமையல்காரர்களுக்குச் செய்த தீம். முழுக்கக் கறுப்பு. நடுவில் தங்கக் கோட்டுச் சட்டத்துக்குள் சமையல்காரரின் படம், கீழே பெரிய தங்க எழுத்தில் பெயர், படத்துக்கு இரண்டு பக்கமும் தேதி போட இரண்டு பெட்டி. பார்க்க ராசா வீட்டுக் கதவு மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்துப் போனது.

மச்சாள் தனியாக நின்று எடுத்த ஒரே படம் பாஸ்போட்டுக்கு எடுத்ததுதான். வாயை இறுக்க மூடி, கண்ணை விரித்து வைத்திருந்தார். அது சட்டத்துக்குள் போனது. இடது பெட்டியில் தொழில் தொடங்கிய தேதி. வலது பெட்டியில் பக்கம் திறக்கும் வெள்ளிக்கிழமைத் தேதி. மங்களமாக இருக்கட்டும் என்று மச்சாள் கேட்டதால், கீழ் மூலையில் சுடர் ஆடுகிற ஒரு குத்துவிளக்கும் வைத்தேன்.

பிறகு அறிமுகம் எழுத வேண்டும். "அதை என்னட்ட விடுங்கோ" என்று அண்ணன் பேனையை எடுத்தார். அண்ணன்தான் எங்கள் ஊர் மரணாதார சங்கத்துச் செயலாளர். செத்த வீட்டுக்குப் பந்தல், கதிரை கொடுப்பது சங்கத்தின் வேலை, மரண அறிவித்தல் எழுதுவது அண்ணனின் வேலை. நிறுத்தாமல் எழுதி நீட்டினார்.

"சல்லியைப் பிறப்பிடமாகவும் பாலையூற்றை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி பத்மாசனி கதிரவேல் அவர்கள், கதிரவேலின் அன்பு மனைவியும் நிதுசன், லக்சாயினி ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார்."

"எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கிறார் பார்" என்று மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம் தலைக்கேறினால் மனிதருக்குக் கண் தெரியாது. அந்த வீட்டில் அன்று மூன்று பேருக்கும் தெரியவில்லை, ஆனாலும் பெரும் பழியை நான் அண்ணன் மேல்தான் போடுவேன். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் பக்கத்தைத் திறந்தோம். லண்டனுக்கு லிங்கை அனுப்பிவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது மச்சாளின் போன் அடித்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து வழக்கமாக நண்டு அனுப்புகிற சுபைதா. போனை எடுத்ததுமே அழுகைச் சத்தம்.

"யா அல்லாஹ், முந்தாநாளும் எங்கிட்ட நண்டு எடுத்த மனிசியாச்சே! ஆரு கதைக்கிறது, மகளா? உங்கட வாப்பா எப்படித் தாங்குறார்?"

"சுபைதா, நான்தான் கதைக்கிறன். பத்மாசனி."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல், போன் விழுந்த சத்தம். திரும்ப அவர் எடுக்கும்வரை எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடுத்ததும் வந்தது வசை. "கறுப்பில படம் போட்டு, ரெண்டு பக்கமும் தேதி போட்டு, விளக்கும் கொளுத்தி வச்சா ஆக்கள் என்னண்டு நினைக்கிற? மவுத்தாப் போனா எண்டுதானே நினைக்கிற!"

பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஐயோ! தோற்றம் ஒரு பக்கம், மறைவு ஒரு பக்கம், நடுவில் மச்சாள் வாய் மூடிக்கொண்டு. பத்திரிகையில் வருகிற மரண அறிவித்தல் அப்படியே இருந்தது. இடது பக்கத் தேதியைக் கணக்குப் பார்த்தால் செத்தவருக்கு ஆறு வயது, அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, என்னை உயிரோடயே அனுப்பிப்போட்டீங்களே!" என்று மச்சாள் கத்தினார். பிறகு முகம் வெளிறியது. "நிரோஜினி அக்காவும் பார்த்திருப்பா. கலியாண வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் எங்கட பக்கம் திரும்பியும் பாக்க மாட்டினம். கொழும்பு ஆக்களுக்குத்தான் போகப்போகுது."

அதற்குள் போன் ஓயவில்லை. வாட்ஸ்அப்பில் தகவல் மேல் தகவல். கனடாவிலிருந்து, சுவிசிலிருந்து, நிலாவெளியிலிருந்து. நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

"அந்த இறால் கறி இனி எங்க கிடைக்கும்?" "என்ர மகன்ட பிறந்தநாளுக்கு வச்ச கணவாய்ப் பிரட்டல் இண்டைக்கும் வாயில நிக்குது." "ஊருக்கு வாறதே அவவின்ட சாப்பாட்டுக்குத்தான்."

மச்சாள் போனை எட்டிப் பார்த்தார். "அது ஆர் சொன்னது? உப்புக் கூட எண்டவரோ? திரும்ப வாசி" என்றார். நான் திரும்ப வாசித்தேன். கோபப்படுவதா, சந்தோசப்படுவதா என்று தெரியாமல் அவர் முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அப்போதுதான் லண்டன் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மச்சாள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கதிரவேல் அண்ணாவோ? நிரோஜினி கதைக்கிறன்" என்று மூக்கடைத்த குரல் கேட்டது. "என்னெண்டு சொல்லுறது அண்ணா. போன முறை வந்தபோது அவவின்ட நண்டுக் கறி சாப்பிட்டனான். அப்பவே மனசில முடிவு எடுத்தனான், என்ர பிள்ளையின்ட விருந்து அவவின்ட கையாலதான் எண்டு. லிங்க் கேட்டது மாப்பிள்ளையின்ட தாயாருக்குக் காட்டத்தான். கொழும்பு ஆக்களை வேண்டாம் எண்டு நேற்றே சொல்லிப்போட்டன். இனி நான் ஆரைப் பிடிப்பன்?"

மச்சாள் போனை வாய்க்குக் கிட்ட இழுத்தார்.

"அக்கா, நான் சாகேல்ல."

பிறகு நடந்ததை நான் சொல்லி விளக்க, அந்தப் பக்கம் அழுகை சிரிப்பாகி, சிரிப்பு இருமலாகி, கடைசியில் அதட்டலானது. "ஆயுசு கூடும், அதை விடுங்கோ. ஆனால் மாப்பிள்ளையின்ட தாயார் சகுனம் பாக்கிற ஆள். இண்டைக்குப் பின்னேரம் அவவுக்கு லிங்கை அனுப்போணும். அதுக்குள்ள மாத்துங்கோ!"

நான் கடைக்குப் போன் எடுத்து, இன்று இனி வர ஏலாது என்றேன். மறுபடியும் தீம். கறுப்பு வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், அதுவும் செத்த வீட்டுக் கொடி நிறம். பூப் போட்டது மலர் வளையம் மாதிரி. சட்டம் வைத்த எதுவும் வேண்டவே வேண்டாம். "நான் உயிரோட இருக்கிறன் எண்டு ஒரு பார்வையில தெரியோணும்" என்று மச்சாள் மேசையில் அடித்தார். தள்ளித் தள்ளி, மஞ்சள் நிறத்தில் ஒன்றைக் கண்டேன். உச்சியில் படத்துக்குப் பதில் வீடியோ ஓடுகிற தீம்.

குசினிக்கு ஓடினோம். அடுப்பில் இறால் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் போனைப் பிடித்தேன். மச்சாள் அகப்பையிலிருந்து உள்ளங்கையில் குழம்பை விட்டு ருசி பார்த்து, தலையை ஆட்டி, அப்படியே திரும்பி, "இஞ்சாருங்கோ, தேங்காய்ப்பால் எங்க? கறி வத்துது!" என்று அண்ணனை அதட்டிப் பேசினார். அண்ணன் பால் சட்டியோடு ஓடி வந்தார். அதை ஒரு வெட்டும் வெட்டாமல் ஏற்றினேன். அறிமுகம் எழுத அண்ணனைக் கிட்ட விடவில்லை. மச்சாள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "நான் பத்மாசனி. நண்டு, இறால், கணவாய், எல்லாம் காய்ச்சுவன். சொல்லுங்கோ, வாறன்."

பொழுது சாய முதல் மாப்பிள்ளையின் தாயாரே அழைத்தார். குரலில் அதிகாரம் இருந்தது.

"வீடியோவில புருசனைப் பேசுற மனிசிதானே வந்து சமைப்பா? வேற ஆக்களை அனுப்புறதெண்டால் வேண்டாம்."

"ஓம் அம்மா, நான்தான். நானேதான் வருவன்."

போனை வைத்ததும் மச்சாள் என்னைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்தார். சிரித்தார், அழுதார், அண்ணனுக்கு முதுகில் ஒரு அடி போட்டார்.

"மற்றவைக்குச் செத்தாப் பிறகு சொல்லுறதெல்லாம், நான் நிண்டு கேட்டுப்போட்டன், கீர்த்தனி" என்றார். "வா, சாப்பிடு. கறி ஆறுது."