நான் குடித்த கஞ்சியும் செல்வியக்கா அவித்த புட்டும்

2009 மாசியில் என் தங்கை வசந்தியின் போன் நின்றது. அவள் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தாள், புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும். கடைசியாகக் கதைத்தபோது, "ஒரு நேரக் கஞ்சிதான் அக்கா. அதுக்கும் வரிசை" என்றாள். பிறகு சத்தமே இல்லை.

நான் டென்மார்க்கில், பிராண்டேயில், சலவைத் தொழிற்சாலையில் விரிப்பு மடிக்கிறவள். எட்டாம் வகுப்புவரை படித்தேன். சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால்தான் என் சாட்சியை இந்தத் தாளில் எழுதித் தருகிறேன்.

அன்று ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தேன். தங்கையின் குரல் கேட்கும்வரை எனக்கும் கஞ்சிதான். வெள்ளை அரிசி, உப்பு, தண்ணீர். மூன்று நேரமும். யாருக்கும் சொல்லவில்லை. புருஷனுக்கும் மகளுக்கும் வழக்கம்போலச் சமைத்தேன். நான் எப்போதும் கடைசியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவள். ஆகவே வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்குச் சீனி வருத்தம் இருந்தது, நீரிழிவு. தண்ணீர்க் கஞ்சி என்ன செய்யும் என்று நினைத்தேன்.

சீனி வருத்தக்காரர் என்ன சாப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு தாள் தந்திருந்தார்கள். கறுத்த மாவில் சுட்ட பாண், கீரை, கரட், மீன். பக்கத்தில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். இது அவர்களுடைய சாப்பாடு என்று மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். வேலையிடத்திலும் அப்படித்தான். ஒரு மேசையில் டேனிஷ் பெண்கள், கரட்டோடும் கறுத்த பாணோடும். மற்ற மேசையில் தமிழ்ப் பெண்களும் சோமாலியப் பெண்களும். வெள்ளைச் சோறு, வெள்ளைப் பாண், மலிவான சோடா. நல்ல மரக்கறி விற்கும் தமிழ்க் கடை, கார் ஓடத் தெரியாதவளுக்குத் தூரம். வாங்கி வந்தாலும் மகளின் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். சீனி வருத்த மாத்திரைகள் எங்கள் மேசையில்தான் இருந்தன.

சித்திரையில் கண் மங்கியது. கால் எரிந்தது. ஒரு காலை மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை மகள் தமிழில் சொல்லாமல் அழுதாள். உயிருக்கு ஆபத்து என்று எனக்கு விளங்கியது.

அந்தக் கட்டிலில் ஜெபித்தேன். "ஆண்டவரே, தங்கச்சியின்ரை குரலைக் கேக்கிறதுக்கு முதல் என்னை எடுத்துப்போடாதேயும்." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் செல்வியக்கா கதவைத் தட்டினார். மட்டக்களப்பு ஆள். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. சபையில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். நேரே அடுப்புக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்தார்.

"இது என்ன புள்ள?"

பொருத்தனையைச் சொன்னேன்.

"நீ கஞ்சி குடிச்சா அங்க அவள்ர வயிறு நிரம்புமா?"

"நோன்பு அக்கா."

"நோன்பா? இந்த வெள்ளை அரிசியும் உனக்குச் சீனிதான். மூணு நேரமும் சீனியக் கரைச்சுக் குடிக்கிறாய். மறுகா அவள் போன் எடுக்கக்குள்ள ஆர் கதைக்கிற? உன்ர போட்டோவா?"

கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

லாச்சியிலிருந்த தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு வெளியே போனார். பக்கத்து டேனிஷ் கடையில் கறுத்த பாண் சுடுகிற றை என்ற தானிய மாவும், அவர்கள் நத்தார்ப் பண்டிகைக்குச் சமைக்கும் சுருட்டைக் கீரை, உறைய வைத்தது, ஒரு பையும் வாங்கி வந்தார். மாவை வறுத்தார். தேங்காய்ப்பூப் போட்டுப் புட்டு அவித்தார். எங்கள் ஊர்க் குரக்கன் புட்டின் அதே கறுத்த நிறம். கீரையைப் பச்சைமிளகாயோடு சுண்டி வறை. அந்தப் படத்திலிருந்த சாப்பாடு எங்கள் சாப்பாடாக மேசைக்கு வந்தது.

"பொருத்தனை உடையுதே அக்கா."

"அதுக்கு நான் ஜெபிக்கிறன். நீ தின்."

அந்நேரம் என் புருஷன் வந்தார். செல்வியக்கா அவரைப் பார்த்து, "தம்பி, இண்டைக்கு மிஞ்சினா உங்களுக்கு" என்றார். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார்.

பிறகு ஒவ்வொரு சனியும் செல்வியக்கா வந்தார். கிழமை முழுக்க அடுப்படியில் நின்ற கால்களோடு பஸ் ஏறி வந்தார். சபையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை.

வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். வசந்தி எங்கே என்று தெரியவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஆனால் சாப்பிட்டேன். சீனி இறங்கியது. கண் தெளிந்தது.

ஆனியில் ஒரு ஞாயிறு போன் அடித்தது. அகதி முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த போன்.

"அக்கா, நானும் பிள்ளையளும் இருக்கிறம். அவர் இல்லை."

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன். அவள்தான் கேட்டாள்.

"சாப்பிட்டனியே?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"ஓம். புட்டு."

"என்ன புட்டு? என்னத்தோடை? ஆறுதலாச் சொல்லு அக்கா. பிள்ளையளும் கேக்கினம்."

சொன்னேன். மா வறுத்த வாசம், தேங்காய்ப்பூ, கீரைக்குள் போட்ட பச்சைமிளகாய், எல்லாம். முடிக்கமுன் போன் நின்றது.

அவளுடைய புருஷனுக்காகவும் ஜெபித்திருந்தேன். அவர் ஏன் உயிரோடு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டிலில் கேட்டதை ஆண்டவர் தந்தார். அவருக்கு நன்றி.

இன்று நான் புருஷனோடும் மகளோடும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடுகிறேன். வேலையிடத்தில் என் புட்டுப் பெட்டிக்குள் சோமாலியப் பெண்கள் கைவைக்கிறார்கள். மாவின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாகச் சாப்பிடுகிற சகோதரிகளே, ஆண்டவரிடம் உங்களுக்காகவும் கேளுங்கள். அது பாவமில்லை. எனக்கு அவர் தேவதூதரை அனுப்பவில்லை, புட்டு அவிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்பினார். உங்கள் கதவும் தட்டப்படும். திறவுங்கள். உங்களுக்கும் ஒரு சோற்றுக் கோப்பை வையுங்கள்.