நீலப் படலை

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் விடுங்கள். இது எங்கள் வீட்டில் நடந்தது. போன தை மாதம், பட்டப்பகலில், முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்தது. பேய் இரவில்தான் வரும் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் பெயர் பிரியந்தினி. ஊர் அளவெட்டி. வீட்டிலேயே மெஷின் போட்டுச் சட்டை தைக்கிறேன். தங்கை கோபிகா ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். காலையில் முதல் ரெயின் பிடிக்க வேண்டும். அங்கே ஐந்து நாற்பது என்றால் இங்கே பத்துப் பத்து. குளிர்காலத்தில் அந்த நேரம் அங்கே கும்மிருட்டு. பெட்டியில் பல நாள் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அம்மாவுக்கு அதை நினைத்தே பாதி உயிர் போய்விட்டது. பையைக் கையில் கொளுவிக்கொண்டு இரு, பொம்பிளையள் இருக்கிற பக்கம் இரு, ஒருத்தர் தாறதையும் வாங்கித் தின்னாதை என்று தினமும் ஒரே பாட்டு. கடைசியில் நாங்களே ஒரு காவல் கண்டுபிடித்தோம். ரெயினில் ஏறியதும் அவள் வீடியோ கோல் எடுப்பாள். கதைக்கத் தேவையில்லை. போனை ஜன்னலோரத்துச் சின்ன மேசையில் சாய்த்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். நாங்கள் இங்கே எங்கள் போனைச் செம்பில் சாய்த்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஏதாவது நடந்தால் இங்கிருந்து என்னத்தைப் பிடுங்கப் போகிறோம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அன்றும் பத்துப் பத்துக்குக் கோல் வந்தது. கோபிகா தொப்பிச் சட்டையின் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, ஜன்னலில் சாய்ந்து நித்திரையாய் இருந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. பெட்டி காலி. நான் மெஷினை மிதித்தேன். அம்மா வெங்காயம் உரித்தார்.

"பிள்ளை, உங்கை பார். எங்கடை ஆள் போலை கிடக்கு" என்றார் அம்மா.

பெட்டியின் கடைசி இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் பொட்டு. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டில் தமிழ் முகம் கண்டால் எங்கள் சனத்துக்கு வாய் சும்மா இருக்காது. ஊரைக் கேட்க வேண்டும். ஊர் தெரிந்துவிட்டால் அந்த ஆள் அந்நியம் இல்லை.

"எந்த ஊர் பிள்ளை?"

"அளவெட்டி" என்றாள் அந்தப் பெண்.

அம்மா வெங்காயத்தைப் போட்டுவிட்டார். "ஐயோ, நாங்களும் அளவெட்டிதான். வைரவர் கோயில் தாண்டி இரண்டாவது ஒழுங்கை. நீலப் படலை."

"ஓம். நீலப் படலை" என்றாள், எங்கள் வீட்டு வெளிவாசல் கதவைக் கண்ணால் கண்டவள் போல.

படம் ஒருதரம் உறைந்தது. சிக்னல் என்று நினைத்தேன். படம் திரும்பியபோது அவள் நடு இருக்கையில் இருந்தாள்.

எழுந்து நடந்ததை நான் காணவில்லை.

நான் மெஷினை நிறுத்தினேன். அவள் கட்டியிருந்தது நூல் சேலை. மேலே கோட் இல்லை. கோபிகா மூன்று சட்டை போட்டும் குளிரில் சுருண்டு கிடக்கிறாள். இவளோ முற்றத்தில் காற்று வாங்குபவள் போல இருக்கிறாள். தலைமயிர் ஈரம். நுனியிலிருந்து சொட்டியது... டக்... டக்... அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரெயின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

"குளிரேல்லையோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"பழகிப் போச்சு அம்மா."

"இவள் நித்திரையாப் போனாள். இறங்கிற இடம் வந்தால் ஒருக்கால் தட்டி எழுப்பிவிடுங்கோ."

"ஓம், நான் பாக்கிறன்."

"ஊருக்கு வந்தால் எங்கடை வீட்டையும் வந்திட்டுப் போங்கோ."

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அம்மா சிரித்தார். "ஓம் ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோபிகாவின் காதில் இயர்போன் இருக்கிறது. அம்மா கதைப்பது அவள் காதுக்குள் மட்டும்தான் கேட்கும்.

அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்டது?

"அம்மா, கதையாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

படம் உறைந்தது.

திரும்பியது. அவள் கோபிகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"கோபிகா, எழும்பு... எழும்படி..."

கத்தினேன். போனைப் பிடித்து உலுக்கினேன். உலுக்கினால் அங்கே அவள் எழும்புவாளா? அந்த நேரம் அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கை தோளைத் தொட்டது.

தங்கை எழுந்தாள். கண் திறக்காமலே எழுந்தாள்.

ரெயின் நின்றது. நேரம் பத்தரை. அவள் இறங்கும் இடத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். போன் மேசையில் சாய்ந்தபடியே இருந்தது. எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கு. அதைத் தாண்டி இருட்டு. கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் போனார்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோல் அறுந்தது.

திரும்ப எடுத்தேன். போகவில்லை. அம்மா நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "நானே பிடிச்சுக் குடுத்திட்டன்" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வரவில்லை. அங்கே இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் மாமியின் மகன் சுபாஸ்கரன் அண்ணையை எழுப்பினேன். அவர் கார் எடுத்தார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதலில் அவளுடைய அறைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். அதன் பிறகு நாங்கள் இருந்த இருப்பை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். வீட்டின் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தபடி கிடந்தன. முழு வீடும் ஈர வாடை அடித்தது. அதைக்கூட அப்போது யோசிக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணி தாண்டித்தான் அண்ணையின் போன் வந்தது. பேசியது கோபிகா.

"என்னக்கா, அண்ணை வந்து கதவை இடிக்கிறார்? எனக்குக் காய்ச்சல். இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை."

"கோல் எடுத்தியே..."

"எப்பிடி எடுக்கிறது? நேற்றுப் பின்னேரம் ரெயினிலை போனை விட்டிட்டன். இன்னும் கிடைக்கேல்லை."

அம்மா அழுதார், சிரித்தார், வைரவருக்கு வடைமாலை நேர்ந்தார். நானும் அழுதேன். பிள்ளை இருக்கிறாள். அது போதும் என்று இருந்தது. அப்படியென்றால் ரெயினில் நித்திரை கொண்டது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பத்மாவதி அக்கா வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"கோபிகா வந்து நிக்கிறாள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பாத்தியளே."

"ஆர் சொன்னது அக்கா?"

"ஆர் சொல்ல வேணும்? என்ரை கண்ணாலை கண்டனான். சந்தையாலை வாறன், பத்தே முக்கால் இருக்கும். உங்கடை படலையடியிலை நிண்டாள், தொப்பிச் சட்டையோடை. பக்கத்திலை ஒரு மனுசி, தலை நனைஞ்சபடி. ஏன் வெளியிலை நிக்கிறியள் எண்டு கேட்டன். இந்த வீட்டு அம்மா வரச் சொன்னவ எண்டாள் அந்த மனுசி. நான்தான் படலையைத் திறந்து உள்ளுக்கு விட்டனான்."

அவர்கள் வெளியே போனதை யாரும் காணவில்லை.

அன்றிலிருந்து எங்கள் படலையை நாங்கள் பூட்டுவதில்லை. கள்ளர் வரட்டும், மாடு வரட்டும். உள்ளே இருப்பவர்கள் எப்போதாவது வெளியே போக நினைத்தால், அது திறந்து கிடக்க வேண்டும்.