கோட்டுப் பிடிக்கும் பையன்களுக்கு ஒரு வகுப்பு

பள்ளிக்கூட வேலைக்கு வருமுன் புருல்கான் நரின் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பையன்களின் பிளந்த மண்டைகளைத் தைத்து வெறுத்துப்போய், கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக் சென்று, கோபத்தைக் கையாளப் பிள்ளைகளுக்குப் பழக்கும் பயிற்சி எடுத்து வந்தாள்.

"உடையறதுக்கு முன்னாடியே தைக்கப் போறாளாம்" என்று ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

அவளிடம் முதலில் தேறியவன் ஜூமார்ட். கோபம் ஏறும்போது மடக்கிய கைமுட்டியைத் திறப்பான், மூச்சை நீளமாக விடுவான், விலகி நடப்பான். பக்கத்துத் தெருக் குபாத் சண்டைக்கு அழைத்தபோதும் அப்படியே விலகி நடந்தான். மறுநாள் அவனுடைய சொந்த வகுப்பே அவனைக் கொதிகலன் அறைக்குப் பின்னால் தள்ளி மிதித்தது. அழைத்த சண்டைக்குப் போகாதவனால் வகுப்புக்கே தலைகுனிவாம். விலா எலும்பு முறிந்தது.

"எம் பையனுக்கு என்னத்தம்மா சொல்லிக் குடுத்தே? ஓடவா?" என்றார் ஜூமார்ட்டின் அப்பா.

புருல்கான் அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மிதித்தவர்களும் அவளுடைய மாணவர்கள்தான். ஒருவனுக்கு விலகி நடக்கக் கற்றுக்கொடுத்தவள், அவனைச் சுற்றி நிற்பவர்களை மறந்திருந்தாள்.

எலும்பு கூடியதும் ஜூமார்ட்டே குபாத்தைச் சண்டைக்கு அழைத்து ஆள் அனுப்பினான். அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை. போலீசுக்குச் சொன்னால் சண்டை ஆளில்லாத மலைச்சரிவுக்குப் போகும். அங்கிருந்து தூக்கி வரப்பட்டவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். இந்த முறை யாராவது ஒருவன் செத்துவிடுவான் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சண்டைகளில், இறங்குகிறவனின் கோட்டை ஒரு நண்பன் பிடித்திருப்பான். தோற்கிறவனின் தோளில் நண்பன் கோட்டைப் போட்டுவிட்டால் சண்டை முடிந்தது. சீக்கிரம் போட்டவனைக் கோழை என்று காறித் துப்புவார்கள். அதனால் எல்லோரும் தாமதமாகவே போட்டார்கள்.

புருல்கான் கோட்டுப் பிடிப்பவர்களைக் கூட்டினாள். ஜூமார்ட்டின் கோட்டைப் பிடிக்கவிருந்த அவன் நண்பன் தாலாயை நடுவில் நிறுத்தி, ஒருவன் தோளில் கோட்டைப் போடச் சொன்னாள். மற்றவர்கள் ஏச வேண்டும். அவன் பதில் பேசாமல் நிற்க வேண்டும்.

"டேய் தாலாய், போய் உங்கம்மா பாவாடையில ஒளிஞ்சுக்கோ!"

"கோட்டு போடுற பயலுக்குக் கவுனு தெச்சுக் குடுங்கடா!"

"எஜே, இதைவிடக் கெட்ட வார்த்தை சொல்லலாமா?"

"சொல்லு. வெளியில அதைத்தானே சொல்லப் போறீங்க" என்றாள், அவர்கள் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் புருல்கான்.

முதல் நாள் தாலாய் ஒருவன் உதட்டைக் கிழித்தான். பிறகு மெல்ல மெல்ல நிற்கப் பழகினான்.

சண்டை நாளன்று ஆற்றங்கரையில் பனி இன்னும் கிடந்தது. பெரியவர்கள் இறங்கினால் பையன்கள் சிதறி ஓடி வேறெங்காவது முடித்துக்கொள்வார்கள் என்று புருல்கான் மேலே சாலையிலேயே நின்றாள். ஜூமார்ட் தோற்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முதல் அடியிலேயே அவன் புருவம் கிழிந்தது. அதற்குப் பின் அவனுக்குக் கண் தெரியவில்லை போலும். குபாத்தைச் சாய்த்து, மார்பில் ஏறி உட்கார்ந்து, முகத்திலேயே குத்தினான். பல் தெறித்தது. குபாத்தின் கை தளர்ந்து பனியில் விழுந்தது. அவனுடைய கோட்டைப் பிடித்தவன் மரமாக நின்றான். ஜூமார்ட்டின் கை ஒரு கல்லைத் தேடி எடுத்தது.

புருல்கான் கத்திக்கொண்டே சரிவில் ஓடினாள். அவள் பாதி தூரம் வருமுன் தாலாய் கோட்டை ஜூமார்ட்டின் தோளில் எறிந்தான்.

ஜெயிக்கிறவன் மேல் யாரும் கோட்டுப் போட்டதில்லை. கூட்டம் ஊளையிட்டது. ஜூமார்ட் கல்லை நழுவவிட்டு எழுந்து தாலாயின் மூக்கில் குத்தினான்.

"நான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்டா, நாயே!"

"ஆமாடா. இன்னொரு அடி அடிச்சிருந்தா அவன் செத்துருப்பான்."

மறுபடி ஒரு குத்து. தாலாய் முட்டியைத் திறந்தே வைத்திருந்தான். மூன்றாவதாக ஓங்கிய கை, அந்தரத்தில் நின்று கீழே இறங்கியது.

புருல்கான் குபாத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த இரத்தத்தை விரலால் வழித்தெடுத்தாள். அவன் இருமினான். மூச்சு வந்தது.

"எஜே, இப்ப நான் திருப்பி அடிக்கலாமா?" என்றான் தாலாய், மூக்கில் இரத்தம் ஒழுக.

"அப்புறம் பாத்துக்கலாம். இவன் தலையைப் பிடி. ஜூமார்ட், அங்க நின்னு என்ன பாக்குற? அந்தக் கோட்டைக் கொண்டா, இவனுக்குக் குளிருது."

ஜூமார்ட் தோளில் கிடந்த கோட்டை எடுத்துக் குபாத்தின் மேல் போர்த்தினான்.