நான் நறுக்கிய வயர்

போன கிழமை மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் மரக்கறி வாங்கப் போனபோது, கடை வாசலில் ஒரு மின்சாரக் கார் தடித்த வயரைப் பூட்டிக்கொண்டு பனிக்குள் நின்றது. வயர் தொங்கும் காரைக் கண்டால் இன்றும் எனக்குக் கை கூசும். மனைவி விடுவாளா? "கத்தரிக்கோல் ஏதும் கொண்டுவந்தனீங்களோ?" என்றாள்.

எண்பதுகளில் அகதியாக வந்து, மொன்றியலில் நாலு பேர் ஒரு சின்னத் தொடர்மாடி வீட்டில் இருந்தோம். சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினோம். இலையுதிர் காலம். விற்றவர் பிரெஞ்சில் நெடுநேரம் விளக்கினார். காரின் முகப்பில் தொங்கிய ஒரு பிளக்கைக் காட்டினார். கையைக் கட்டி நடுங்கியும் காட்டினார். ஒன்றும் விளங்காமலே நான் எல்லாவற்றுக்கும் "வீ, வீ", அதாவது ஓம், ஓம் என்றேன். ஊரில் எத்தனை வீடுகளுக்கு வயறிங் செய்தவன் நான்! பெற்றோலில் ஓடுகிற காருக்குக் கரண்ட் எதற்கு? யாரோ அரைகுறையாக விட்ட வேலை என்று முடிவுகட்டி நறுக்கிவிட்டேன். நல்ல வயர், எறிய மனம் வருமா? தெருவோரம் கண்டெடுத்த, வயர் இல்லாத இஸ்திரிப்பெட்டிக்குப் பூட்டினேன். அருமையாகச் சுட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தை மாதம் மனைவி வந்தாள். கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் பிரிந்து, மூன்று வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். மிராபெல் விமான நிலையத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு இறங்குவாள். என்னைத் தவிர இந்த நாட்டில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அன்று காலை பத்து மணி இருக்கும். அவளைக் கூட்டிவரப் போட்டுக்கொண்டு போக, அதே இஸ்திரிப்பெட்டியால் என் சேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் நாதன் ஓடிவந்தான்.

"மச்சான், கார் ஸ்ராட் வருதில்லை. கல்லா இறுகிப்போய்க் கிடக்கு!"

வெளியே குளிர் சைபருக்குக் கீழே இருபத்தைந்து. கீழே தெப்பனேர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் வந்து காரின் முகப்பைத் தடவினார். மிஞ்சியிருந்த வயர்த் துண்டைக் கண்டதும், இரண்டு விரலால் கத்தரித்துக் காட்டி, யார் என்பதுபோலப் பார்த்தார். நான் நாதனைப் பார்த்தேன். நாதன் என்னைப் பார்த்தான்.

பிறகு அரை இங்கிலீசில் சொன்னார்: எஞ்சினுக்குள் ஒரு ஹீற்றர் இருக்கிறது, சைபருக்குக் கீழே பதினைந்தைத் தாண்டினால் அதைப் பூட்டத்தான் வேண்டும், இரவு முழுக்கத் தேவையில்லை, வெளிக்கிட மூன்று மணித்தியாலம் முந்திப் போதும். மூன்று விரலைக் காட்டினார். இப்போதே பூட்டினாலும் ஒரு மணி தாண்டிவிடும். டாக்சிக்கும் வழியில்லை.

இஸ்திரிப்பெட்டியின் வயரை அறுத்து வந்து பழைய இடத்தில் முறுக்கி, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். விறைத்த கையிலும் வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. கடைக்காரர் தன் கடையிலிருந்து நீள வயர் விட்டுத் தந்தார். உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது. அந்த மூன்று மணித்தியாலமும் பானெட்டில் கையை வைத்தபடி நின்றேன். கோபத்தில் அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்றுகூடப் பயந்தேன். எங்கே போவாள், பாவம்!

ஒன்றரைக்கு எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டுப் பிடித்தது. மிராபெலில் அதை நிற்பாட்டப் பயந்து நாதனைக் காருக்குள் இருத்திவிட்டு ஓடினேன். பருத்திச் சேலை, காலில் செருப்பு. கண்ணாடிக் கதவோடு ஒட்டி நின்றாள். அழுது முடித்த முகம்.

"ஏன் பிந்தினீங்கள்?"

"காரின்ர வயரை வெட்டிப்போட்டன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் சேட்டில் ஒரு கை தேய்த்தது, மற்றக் கை கசங்கியது. "ஓம், வேற ஆர் வெட்டுவினம்!" என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நாதனும் மற்றவர்களும் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள். கார் பழைய இரும்புக்குப் போனது. இப்போது எங்கள் கராஜ் சூடானது, ஹீற்றர் தேவையில்லை. மிராபெல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மனைவி பார்க்கவேண்டும் என்றாள். போனோம். வேலியும் வெறும் பனியும்தான்.

"நான் நிண்ட கதவு எதில இருந்தது?"

"அந்தா, அதிலதான்," என்று உறுதியாகக் கையைக் காட்டினேன்.

அந்த இடத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உண்மையில் ஒரு திசையும் தெரியவில்லை.