அம்மா நேர்ந்துகொண்ட என் முட்டி

என்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். "நடந்தா போதும்" என்று மட்டும் யாரும் என் முன்னால் சொல்லக் கூடாது. சொன்னால் சுர்ரென்று ஏறிவிடும். ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் அந்த வார்த்தையைக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் அத்தனை பேரும் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஓடுகிறவள் நான். கடற்கரை மணலில் பந்து உதைத்துப் பழகிய காலுக்குப் பள்ளி மைதானத்தின் கெட்டித் தரை ஒரு சுகம், பறக்கலாம். அன்றைக்கும் அப்படித்தான் பந்தை இழுத்துக்கொண்டு போய் சட்டென்று உள்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள்ளே ஏதோ "டொப்" என்றது. யாரும் இடிக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. தானாக ஓடித் தானாக விழுந்தவளுக்கு என்ன பெரிய அடி பட்டிருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாயங்காலம் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் அப்பா ஹார்பரிலிருந்து லாரியை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஸ்கேனில், முட்டி எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற லிகமெண்ட் அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து உள்ளே வைத்துக் கட்ட வேண்டும், ஆப்பரேசன் செய்தால் நன்றாக நடப்பாள் என்றார் டாக்டர். அது போதும் டாக்டர் என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி விளையாடலாமா என்று நான் கேட்டதற்கு, முதலில் நட, பிறகு பார்ப்போம் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஆப்பரேசனே வேண்டாம் என்று நின்றாள். எண்ணெய்க் கட்டுப் போட்டால் சரியாகிவிடுமாம். அதற்கு அவள் காட்டிய சாட்சி எங்கள் அம்மாதான். கல்யாணமான புதிதில் அம்மா மீன் ஏலக்கூடத்து ஈரத்தில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிப் படுத்திருக்கிறாள். "ஒங்கம்மாவுக்கு என்ன ஆப்பரேசனா பண்ணுனோம்? எண்ணெய்க் கட்டுதான். இப்ப நடக்கலியா அவ? பொம்பளப் புள்ளைக்கு நடந்தா போதும்ளா." அம்மா குசினி மேடையருகே நின்றபடி சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நானும் யோசித்துப் பார்த்தேன். இறால் கம்பெனியில் நாள் பூராவும் நின்று வேலை பார்க்கிறவள், நன்றாகத்தானே நடக்கிறாள்.

ஆனாலும் ஆப்பரேசன் நடந்தது. அம்மா வாய் திறந்து ஒரே ஒரு தடவை, பண்ணிருவோம் என்றாள், அவ்வளவுதான். என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு நேர்ச்சையும் போட்டுவிட்டாள். மாதாவே, இவள் முட்டியைச் சரியாக்கிக் கொடு, வருகிற திருவிழாவுக்கு இவள் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே நடந்து வருவாள். பக்கத்தில் நின்ற அத்தை காதில் இது விழுந்தது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கால் வலி மறந்துவிட்டது. முட்டி யாருடையது? என்னுடையது. அறுந்தது யாருக்கு? எனக்கு. அடுத்த வீட்டு ஆட்டை நேர்ந்துவிடுகிற மாதிரி என் முட்டியை இவள் எப்படி நேரலாம்? வேண்டுமானால் அவள் முட்டியால் நடக்கட்டும். செத்தாலும் முட்டி போட மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டேன். பார்க்க வந்த பங்குச் சாமியாரிடமும் பிராது கொடுத்தேன். சின்னப் பிள்ளை, உடம்பு முடியாதவள், ஒரு மெழுகுதிரி ஏற்றினால் போதும், நான் மாற்றித் தருகிறேன் என்றார் அந்த நல்ல மனுசன். அவர் போன பிறகு அம்மா, "நான் சாமியார்ட்டயா நேர்ந்தேன்?" என்று கேட்டுவிட்டு எனக்குச் சோறு பிசைந்தாள்.

ஆப்பரேசன் என்றால் தூங்கி எழுந்தால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை, அங்கேதான் ஆரம்பித்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் பெல்ட். குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்குப் பாலிதீன் உறை. கக்கூசுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு ஸ்டூலை அப்பா வாங்கி வந்தார், அதில் உட்காருவதற்குள் என் மானமே போயிற்று. அதெல்லாம்கூடப் போகட்டும். தொடையை இறுக்கு என்று சொன்னார்கள், நானும் இறுக்கினேன், தொடை அசையவே இல்லை. என் காலிடம் நானே கெஞ்சுகிறேன், அது யாருக்கோ சொல்கிறார்கள் என்று கிடக்கிறது. அன்றைக்குத்தான் பயந்து அழுதேன்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிசியோ அக்கா இருந்தாள். ஒல்லியாக இருப்பாள், இரக்கமே கிடையாது. முதல் நாள் வந்ததும் என் முட்டிக்கு அடியில் அத்தை ஆசையாக வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையை உருவி எறிந்தாள். முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், அப்புறம் கால் மடங்கினபடியே நின்றுவிடும், வாழ்க்கை பூரா நொண்ட வேண்டியதுதான் என்றாள். தலையணையைச் சுருட்டிக் குதிகாலுக்கு வைத்தாள். முட்டி அந்தரத்தில் தொங்கியது. தானாக நீளும்வரை அப்படியே கிட என்றாள். உயிர் போயிற்று. அவள் பஸ் ஏறியதும் அத்தை தலையணையைப் பழைய இடத்துக்கே நகர்த்துவாள், அம்மா இறால் கம்பெனியிலிருந்து வந்ததும் மறுபடி குதிகாலுக்குத் தள்ளுவாள். எனக்கு அத்தைதான் தெய்வமாகத் தெரிந்தாள்.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? மீன்பிடி துறைமுகத்தில் படகுக்கு ஏற்றுகிற நொறுக்கிய ஐஸை அப்பா பையில் அள்ளிக்கொண்டு வருவார். என் முட்டி சீலா மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. பார்க்க வருகிறவர்கள் முந்திரி மக்ரூன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு மூக்கைத் துடைப்பதுபோல் பொத்திக்கொள்வார்கள். போகும்போது மறக்காமல் தலையைத் தடவி, நடந்தா போதும் தாயி என்பார்கள். மக்ரூனைத் தின்றுகொண்டே பல்லைக் கடிப்பேன்.

மெத்தையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுக் குதிகாலை இழுத்து இழுத்து மடக்க வேண்டும். அம்மாவின் பழைய சேலையைப் பாதத்தில் மாட்டி நானே இழுப்பேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மடங்கும், மறுநாள் காலையில் பழையபடி விறைத்திருக்கும். ஒரு வாரம் நன்றாகப் போகும், அடுத்த வாரம் காரணமில்லாமல் வீங்கும். பிசியோ அக்கா வருகிற நாளெல்லாம் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முட்டி போடலாமா? வீக்கம் வத்தட்டும்மா என்பாள் அவள். அடுத்த தடவையும் அதே கேள்வி. எனக்கு அவமானமாக இருக்கும். பெற்ற பிள்ளையின் கால் இந்த நிலைமையில் கிடக்கிறது, இவளுக்கு நேர்ச்சைதான் பெரிசு.

ஊன்றுகோல் போயிற்று, பெல்ட் போயிற்று. நான்காம் மாதத்தில் நான் தெருவில் நடந்தேன். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான், ஆனால் நடந்தேன். தெருவே கொண்டாடியது. கால் லேசாக இருந்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை, வாசலில் கிடந்த பந்தை ஒரு உதை உதைக்கப் போனேன். பிசியோ அக்கா கத்திவிட்டாள். வலி போனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே கட்டியது இன்னும் பிடிக்கவில்லை, இந்த மாதத்தில்தான் திமிர் பிடித்துப் பாதிப் பேர் மறுபடி அறுத்துக்கொண்டு வருகிறார்கள் என்றாள்.

அத்தைக்கும் அப்பாவுக்கும் நான் நடந்ததே போதுமானதாக இருந்தது. பிள்ளை நடக்கிறாள், இனி எதற்குப் பிசியோ, எதற்கு இந்த வாதை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பந்து கிந்து என்று இனி பேச்சு வேண்டாம், பத்தாம் வகுப்பு வருகிறது என்று அத்தை முடித்துவைத்தாள். எனக்கு அப்போது வந்த பயம் தொடை அசையாத நாளில்கூட வரவில்லை. இத்தோடு சரி, நான் நடக்கிறவள் ஆகிவிட்டேன், ஓடுகிறவள் இல்லை. அம்மா துணி மடித்துக்கொண்டே, பிசியோ வரட்டும், நேர்ச்சை பாக்கி இருக்கு என்றாள். மாதாவுக்குச் சொன்ன வார்த்தையை எதிர்த்து எங்கள் வீட்டில் யார் பேசுவது? பிசியோ தொடர்ந்தது. நான் அம்மாவின் மூடபக்திக்கு உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, வெளியே முறைத்தேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்து இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். கடற்கரை மணலில் பின்பக்கமாக நடக்க வேண்டும். கடைசியில் ஒருநாள் மெத்தையை மடித்துப் போட்டு முட்டி போடச் சொன்னாள் பிசியோ அக்கா. தையலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை, மற்ற இடமெல்லாம் முள் குத்தியது. சரி எழுந்திரு, கட்டிலைப் பிடித்துக்கோ என்றாள். அம்மா குறுக்கே விழுந்து, கை ஊனாமல் எழும்பட்டும் என்றாள். பிடித்துக்கொண்டால் என்னம்மா தப்பு என்று பிசியோ அக்காவே கேட்டாள். தப்பில்ல, இவ ஊனாம எழும்பட்டும் என்றாள் மறுபடியும். அன்றைக்கு முடியவில்லை. முடிகிறவரைக்கும் அம்மா விடவில்லை.

திருவிழா வந்தது. நடந்து போவேன், நின்று கும்பிடுவேன், திரும்பி வருவேன் என்று வீட்டிலேயே அறிவித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அம்மா புது நீலச் சேலை கட்டிக்கொண்டு கூட வந்தாள். கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. முட்டி போட்டுப் போகிறவர்களுக்கு நடுவில் வழி விட்டிருந்தார்கள். நான் அந்த வழியைப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கினேன். அப்போது அத்தை என் தோளை அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாவம், எம் மருமவள மாதா கோவிச்சுக்க மாட்டா. அவளால எங்க முட்டி போட முடியும்? புள்ள நடந்தா போதும்."

அவ்வளவுதான். அத்தையின் கையை உதறிவிட்டு அந்த இடத்திலேயே பொத்தென்று முட்டி போட்டேன். பக்தியாவது ஒன்றாவது, முழுக்க முழுக்க வீம்பு. முடியாதா? பார். மணல் முடிந்து கல் தரை வந்தது. பாதி முட்டி எரிந்தது, பாதிக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரையும் பார்க்கவில்லை, மாதாவைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா பக்கத்தில் நடந்து வந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். ஜெபம் சொல்லுகிற முகமாக இல்லை, ஆட்டம் பார்க்கிற முகமாக இருந்தது.

பீடத்துக்கு முன்னால் வந்ததும் எழுந்திருக்க வேண்டும். பின்னாலேயே ஓடிவந்த அத்தை கை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஆப்பரேசன் செய்த காலை முன்னால் ஊன்றி, கையை எங்கும் வைக்காமல் எழுந்து நின்றேன். அம்மா மாதாவைப் பார்த்து, கேட்ட சாமான் சரியாக வந்துசேர்ந்தது என்பதுபோல் தலையை அசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முட்டி போடுததுக்கா நேர்ந்தேன்? அவங்க எல்லாரும் நீ நடக்கணும்னு கேட்டாங்க. நான் நீ எந்திரிக்கணும்னு கேட்டேன்ளா."

எனக்கு அதைக் கேட்கிற பொறுமை இல்லை. ஜெயித்த தெம்பில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது, ஆசீர்வாதத்துக்காகக் கோயிலே மொத்தமாக முட்டி போட்டது. நான்கூட இன்னொரு தடவை போட்டேன். அம்மா மட்டும் தூணைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வந்ததும் விட்டேனா, என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினாயே, நீ மட்டும் ஏன் முட்டி போடவில்லை என்று கேட்டேன்.

"சேல அழுக்காயிரும்லா" என்றாள்.

நம்பிவிட்டேன். பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றே காண்கிறவள், மீனைக்கூட உட்கார்ந்து அறுக்காதவள், சேலை கசங்குவதற்கு இவ்வளவு பயப்படுகிறாளே என்று எனக்கு ஒரே சிரிப்பு. வீடு வருகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேன். அவளும் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்து வந்தாள். நன்றாகத்தான் நடந்தாள்.